பள்ளி திடீரென்று மூடிவிட்டது: மீத்திறன் பிள்ளையை இனி எங்கே சேர்ப்பது?

ஒரு வியாழக்கிழமை இரவு எட்டே முக்காலுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. "கனத்த இதயத்துடன்" என்று ஆரம்பித்திருந்தார்கள், அந்த இரண்டு சொல்லிலேயே விஷயம் புரிந்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமையோடு, மீத்திறன் பிள்ளைகளுக்கான எங்கள் சின்னப் பள்ளி மூடுகிறது. 43 பிள்ளைகள், ஏழு ஆசிரியர்கள், கல்வியாண்டு பாதிகூட முடியவில்லை. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது, அங்கே நான்காவது வருடம்.

அந்த வார இறுதி முழுக்கப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் வீட்டிலேயே படிக்க வைப்போம் என்கிறார், மூன்றாமவர் நாமே சேர்ந்து பள்ளியை நடத்தினால் என்ன என்று இரவு ஒரு மணிக்குக் கணக்குப் போட்டு அனுப்புகிறார். கடைசியில் ஐந்து வழிகளாகப் பிரிந்து போனோம். இப்போது ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. எந்த வழி எப்படிப் போனது என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன், அதே மின்னஞ்சல் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்காக.

மீத்திறன் குழந்தை என்ற சொல்லைச் சொல்லவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். வெளியே சொன்னால் பீற்றிக்கொள்வதாக நினைப்பார்கள். ஆனால் வேறு நல்ல சொல் கிடைக்கவில்லை. வெக்ஸ்லர் நுண்ணறிவுத் தேர்வில் சராசரி 100, 130க்கு மேல் வருவது நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேர். இப்படிப்பட்ட பள்ளிகள் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் பிள்ளைகளை எடுக்கின்றன. எண்ணை விடுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்: வயது ஒன்பது, கணக்கில் பதின்மூன்று, ஷூ லேஸ் கட்டுவதில் ஆறு, தோற்றால் அழுவதில் நான்கு. 1991இல் அமெரிக்காவில் கொலம்பஸ் குழு என்று கூடிய சிலர், இந்த ஏறுமாறான வளர்ச்சியைத்தான் மீத்திறனின் அடையாளமாகவே வைத்தார்கள். எனக்கு அந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது, மதிப்பெண்ணைவிட.

உண்மையில் போனது என்ன?

பள்ளி மூடியதும் நான் செய்த முதல் தப்பு, பாடத்திட்டத்தைத் தேடி ஓடியது. எந்தப் பள்ளியில் என்ன கணக்கு நடத்துகிறார்கள், இவள் ஏற்கெனவே முடித்ததைத் திரும்ப நடத்துவார்களா, ஒரு வருடம் வீணாகிவிடுமா என்று மூன்று நாள் அதே வேலை. அவள் என்னிடம் கேட்டதோ ஒரே ஒரு விஷயம்: "அம்மா, அந்தச் சார்ட் என்னாச்சு?"

வகுப்புச் சுவரில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஒட்டிய சார்ட் அது. நடுவில் 1, அதிலிருந்து சுருள் சுருளாக 2, 3, 4 என்று கட்டங்களில் எழுதிக்கொண்டே போய், பகா எண்களுக்கு மட்டும் வண்ணம் தீட்ட வேண்டும். ஸ்டானிஸ்லாஃப் உலாம் என்ற கணித அறிஞர் 1963இல் ஒரு கூட்டத்தில் சலிப்பாக உட்கார்ந்திருந்தபோது கிறுக்கிப் பார்த்தது. வண்ணம் தீட்டத் தீட்ட, பகா எண்கள் மூலைவிட்டக் கோடுகளில் வரிசை கட்டுவது தெரியும். எங்கள் பிள்ளைகள் 21க்கு 21, அதாவது 441 வரை முடித்திருந்தார்கள். திங்கட்கிழமை நான் போய்க் கேட்டு, காவலாளி கதவைத் திறந்துவிட, டேப்பைப் பிய்த்துச் சுருட்டி எடுத்து வந்தேன். அதன் பிறகுதான் மண்டையில் உறைத்தது, இவள் இழந்ததாக நினைப்பது பாடத்தை அல்ல, அந்த மூன்று பேரை.

யோசித்துப் பார்த்தால் இந்த மாதிரிப் பள்ளி ஒரு பிள்ளைக்கு மூன்று விஷயம் தருகிறது. ஒன்று வேகம்: தெரிந்ததையே திரும்பக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இரண்டு கூட்டு: தான் சிரிக்கும் இடத்தில் சிரிக்கிற இன்னும் இரண்டு பேர். மூன்று, பிள்ளையை அறிந்த ஆசிரியர்: கேள்வி மேல் கேள்வி கேட்டால் திமிர் என்று நினைக்காதவர். கீழே நான் சொல்லப்போகும் ஐந்து வழிகளில் எதுவுமே மூன்றையும் சேர்த்துத் தராது. அதிகபட்சம் இரண்டு. அதனால் எது சிறந்த வழி என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் பிள்ளையால் இந்த மூன்றில் எது இல்லாமல் கொஞ்ச காலம்கூட இருக்க முடியாது என்று பாருங்கள். என் கருத்தைக் கேட்டால், வேகத்தை வெளியே எங்கேயாவது தேடி வாங்கிவிடலாம், புத்தகம் இருக்கிறது, இணையம் இருக்கிறது. கூட்டு கலைந்துபோனால் திரும்பச் சேர்ப்பது ரொம்பக் கஷ்டம். பெற்றோர் எல்லோரும் முதலில் ஓடுவது வேகத்தின் பின்னால்தான்.

அதற்கு முன் காகிதம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். மூடிய பள்ளிக்கு மூன்று மாதம் கழித்து ஃபோன் அடித்தால் எடுக்க ஆள் இருக்காது. மாற்றுச் சான்றிதழ், இதுவரையான மதிப்பீட்டு அறிக்கைகள், உளவியல் தேர்வு அறிக்கையின் முழுப் பிரதி, பிள்ளை செய்த வேலைகளின் மாதிரி (நோட்டு, செயல்திட்டம், எதுவாக இருந்தாலும்), கட்டணம் கட்டிய ரசீது. எல்லாவற்றையும் அந்த வாரத்திலேயே கையில் வாங்குங்கள். முன்பணம் கட்டியிருந்தால் எழுத்தில் கேளுங்கள். கடன்பட்டு மூடிய நிறுவனம் என்றால் பெரும்பாலான இடங்களில் அடமானம் வைத்துக் கடன் கொடுத்தவர்கள், சம்பளப் பாக்கி உள்ளவர்கள் எல்லோருக்கும் பின்னால்தான் பெற்றோர் வரிசை, ஆனால் கேட்காதவர்கள் அந்த வரிசையிலேயே இல்லை.

இதில் பலர் மறப்பது வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம். எங்கள் பள்ளியில் ஒரு பையன், அபாரமான மூளை, ஆனால் பேனாவைப் பிடித்து நான்கு வரி எழுதினால் கை வலித்துவிடும், டிஸ்கிராஃபியா. அவனுக்கு எல்லாத் தேர்வையும் அவன் வாயால் சொல்லக் கேட்டே ஆசிரியர் திருத்தினார், அது எந்த ஏட்டிலும் இல்லை. புதுப் பள்ளியில் முதல் மாதம் அவனைப் பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பில் உட்கார வைத்தார்கள். மீத்திறனோடு டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை), ஆட்டிசம் போன்றவையும் சேர்ந்து இருக்கிற பிள்ளைகளுக்கு, சின்னப் பள்ளி சத்தமில்லாமல் செய்துகொடுத்த சலுகைகள் நிறைய இருக்கும். அவற்றைப் பட்டியல் போட்டு வாங்கிவிடுங்கள்.

பக்கத்துப் பள்ளி, வயதுக்கேற்ற வகுப்பு

உடனே கிடைப்பது இதுதான். நடுவருடத்தில் வேறு வழி இல்லாமல் பாதிப் பேர் இங்கேதான் போனார்கள். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நடந்து போகிற தூரம், தெருவில் விளையாடப் பிள்ளைகள், நாளைக்கே மூடிவிடுமோ என்ற பயம் இல்லை. எங்கள் குழுவில் இருவர் இங்கே நன்றாகவே ஒட்டிக்கொண்டார்கள், ஒருவனுக்குக் கால்பந்து கிடைத்தது, பழைய பள்ளியில் பதினொரு பேர் சேர்க்கவே முடியாது.

பிரச்சினை மெதுவாகத் தெரியும். 1920, 30களில் நியூயார்க்கில் இந்தப் பிள்ளைகளோடே வேலை செய்த லீட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார்: சாதாரண வகுப்பில் நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) 140 உள்ள பிள்ளைக்குப் பாதி நேரம் வீண், 170க்கு மேல் என்றால் அநேகமாக முழு நேரமும் வீண். நேரம் போனால் போகட்டும் என்றுகூட விட்டுவிடலாம். எனக்குப் பயம் வேறு. முயற்சி செய்யாமலே எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தால், பிள்ளைக்கு முட்டி மோதிப் பழக்கமே இருக்காது. பதினான்கு, பதினைந்து வயதில் முதல் முறையாக ஒரு கணக்கு வரவில்லை என்றால் தனக்கு அறிவு தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடும்.

இங்கே சேர்ப்பதென்றால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பாடம் ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பாடத்தின் தேர்வை வைக்கச் சொல்லுங்கள். தெரிந்தது தெரிந்ததென்று வந்துவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் வேறு வேலை. ஜோசஃப் ரென்சூலி, சாலி ரைஸ் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் இதைப் பாடச் சுருக்கம் என்று சொல்வார்கள். 1990களின் ஆரம்பத்தில் அவர்களுடைய ஆய்வு மையம் அமெரிக்காவில் செய்து பார்த்தபோது, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சில பாடங்களில் 40 முதல் 50 சதவீதம் வரை நீக்க முடிந்தது, மதிப்பெண் இறங்கவில்லை. ஆசிரியருக்கு இதில் கூடுதல் வேலை இருக்கிறது என்பதும் உண்மை. அதனால் அதிகாரமாகக் கேட்காமல், தேர்வுத் தாளை நானே நகலெடுத்துத் தருகிறேன் என்கிற மாதிரி போய்க் கேட்டால் நடக்கும். முதல் வாரமே போய் "என் பிள்ளை ரொம்பப் புத்திசாலி" என்று ஆரம்பித்தீர்களோ, தீர்ந்தது.

டபுள் புரமோஷன்

இதைச் சொன்னாலே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "சின்னப் பிள்ளை, பெரிய பசங்களோட எப்படி இருக்கும்?" என் மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. எனக்கும் ஆரம்பத்தில் அதே எண்ணம்தான், படித்துப் பார்த்த பிறகு மாறினேன்.

ஆய்வுகள் அநேகமாக ஒரே பக்கம் சாய்கின்றன. 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வை வைத்துத் தேர்ந்தெடுத்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர ஆரம்பித்தார். அதே அளவு திறமை உள்ளவர்களில், வகுப்பு தாண்டியவர்கள் அறிவியல், கணிதத் துறைகளில் பின்னாளில் முனைவர் பட்டம் வாங்குவதும் காப்புரிமை எடுப்பதும் அதிகம் என்று அந்த ஆய்வைத் தொடர்ந்தவர்கள் கண்டார்கள். ஆஸ்திரேலியாவில் மிராக்கா கிராஸ், நுண்ணறிவு ஈவு 160க்கு மேல் உள்ள 60 பிள்ளைகளை இருபது வருடத்துக்கு மேல் கவனித்தார். வயதோடொத்த வகுப்பிலேயே கட்டிப்போடப்பட்டவர்கள்தான் நட்பிலும் படிப்பிலும் அதிகம் தடுமாறினார்கள். பெரியவர்களோடு வைத்தால் தனித்துப்போவார்கள் என்று நாம் பயப்படுகிறோம், அங்கே பலர் தனித்துப்போனது சம வயதுக்காரர்களோடு.

அதற்காக உடனே ஒரு வகுப்பு தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அயோவா பல்கலைக்கழகத்தார் இதற்கென்றே ஒரு மதிப்பீட்டு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் மதிப்பெண், உடல் வளர்ச்சி, ஆசிரியரின் மனநிலை என்று நிறையக் கேள்விகள். சில விஷயங்கள் இருந்தாலே முழு வகுப்பு தாண்டுவது வேண்டாம் என்கிறது அந்த அளவுகோல்: பிள்ளைக்கே விருப்பம் இல்லை, அல்லது தாண்டிப் போகிற வகுப்பில் அக்காவோ அண்ணனோ உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டாவதைப் படித்தபோது ஒரு நிமிடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் பெரியவன் படிப்பது இவளுக்கு ஒரே ஒரு வகுப்பு மேலே. தங்கை திடீரென்று தன் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்து கணக்கில் தன்னைவிட அதிகம் வாங்கினால் அவன் என்ன ஆவான் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை, இத்தனைக்கும் அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான்.

வகுப்பு தாண்டுவது என்றால் முழுசாகத் தாண்டுவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அதே அயோவாவிலிருந்து 2004இல் வந்த அறிக்கை 18 வகையான முடுக்கங்களை, அதாவது பிள்ளையை வேகமாக முன்னே கொண்டுபோகும் வழிகளைச் சொன்னது, 2015இல் வந்தது 20 என்றது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பாடவாரியாகத் தாண்டுவது. கணக்குப் பீரியடுக்கு மட்டும் இரண்டு வகுப்பு மேலே போய் உட்கார்ந்துவிட்டு, மணி அடித்ததும் தன் வகுப்புக்குத் திரும்பி வந்து மற்றவர்களோடு ஓவியம் வரைவது. கணித மேதை டெரன்ஸ் டாவோவை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். 1988இல் 13 வயதில் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் தங்கம், 2006இல் கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் என்று அந்தப் பக்கத்தை மட்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்துச் சில வாரத்திலேயே இது சரிப்படாது என்று பெற்றோர் வெளியே எடுத்ததையும், ஐந்து வயதில் மறுபடி சேர்த்ததையும், அப்புறம் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு வகுப்பில் படிக்க வைத்ததையும் யாரும் சொல்வதில்லை. பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகச் சேர்க்காமல் பதினான்கு வயது வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார்கள். ஒரு முடிவை எடுத்து, பார்த்து, திரும்ப வாங்கிக்கொள்ளும் தைரியம் அவர்களுக்கு இருந்திருக்கிறது.

நடைமுறைத் தொல்லை ஒன்றும் இருக்கிறது: இரண்டு வகுப்புகளுக்கும் கணக்குப் பீரியட் ஒரே நேரத்தில் வர வேண்டும், அல்லது இவள் தன் வகுப்பில் ஏதோ ஒரு பாடத்தை விட வேண்டும். கால அட்டவணை போடுகிற ஆசிரியர் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் முதலில் பேசுங்கள், முதல்வரிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

தூரத்தில் இன்னொரு மீத்திறன் பள்ளி

பிள்ளைகளுக்கு இதுதான் வேண்டும், பெற்றோர் மனசிலும் இதுதான். இருந்தால் போகலாம். ஆனால் போகவர ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் என்றால், 200 பள்ளி நாளுக்கு 500 மணி நேரம். அந்த 500 மணி நேரத்தில் இந்த மாதிரிப் பிள்ளை என்னென்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். காரில் பின் சீட்டில் தூங்கும், அல்லது அழும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து காட்டிவருவது: ஒரே அளவு திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில், பொறுக்கி எடுத்தவர்கள் மட்டும் படிக்கும் பள்ளியில் இருப்பவருக்குத் தன் படிப்பைப் பற்றிய நம்பிக்கை குறைவாக இருக்கும், ஏனென்றால் சுற்றிலும் இருப்பவர்களோடுதான் ஒப்பிட்டுக்கொள்கிறோம். பழைய பள்ளியில் 43 பேரில் நடுவில் இருந்த பிள்ளை, 300 பேர் உள்ள பொறுக்கிய பள்ளியில் கடைசிப் பத்தில் போய் நிற்கலாம். சிலருக்கு அது நல்லதே. ஏற்கெனவே பள்ளி மூடியதில் அடிபட்ட மனசுக்கு, இதே நேரத்தில் இதுவும் வேண்டுமா என்று பாருங்கள்.

அதுவும் சின்னத் தனியார் பள்ளி என்றால், முதலில் பட்ட அதே அடி இரண்டாம் முறையும் விழலாம். கூச்சப்படாமல் கேளுங்கள். கடந்த மூன்று வருடமாகப் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா? கட்டடக் குத்தகை எப்போது முடிகிறது? நிறுவனர் ஆறு மாதம் படுத்துவிட்டால் யார் நடத்துவார்கள்? வருமானம் நின்றால் எத்தனை மாதச் சம்பளம் கையிருப்பில் இருக்கிறது? இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் பள்ளியில் முழு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், தள்ளுபடி கொடுத்தாலும்.

வீட்டில், அல்லது இணையத்தில்

முதலில் சட்டம். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு அநேகமாக இடமே இல்லை. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் உண்டு, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

வேகத்தைப் பொறுத்தவரை இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. காலை பத்தரைக்குள் பள்ளியில் ஒரு நாள் முழுக்க நடப்பது முடிந்துவிடும். முழுநேர இணையப் பள்ளிகளும் உண்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2006இல் ஆரம்பித்த இணைய உயர்நிலைப் பள்ளியில் நேரலையில் விவாத வகுப்புகள் நடத்துகிறார்கள், ஆனால் அது ஏழாம் வகுப்பிலிருந்துதான். ஒன்பது வயதுக்குப் பொருந்துவதை நாம்தான் அங்கே ஒன்று இங்கே ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

நாங்கள் முதல் ஐந்து வாரம் இதைத்தான் செய்தோம். நான்காவது வாரத்தில் ஒரு நாள், பின்னக் கணக்கு ஒன்றில் அவள் வேறு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டு "பாரேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். திரையில் பதிவுசெய்யப்பட்ட காணொளி ஓடிக்கொண்டிருந்தது, அந்த ஆசிரியர் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டார். இவள் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் அலுவலக அழைப்பில் இருந்தேன். அன்று மதியம் அவள் எதையும் திறக்கவில்லை. ஒரு பெற்றோர் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் கூடவே இருக்கிற வீட்டில் இது அருமையாக நடக்கும், எங்கள் குழுவிலேயே ஒரு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாமல், நல்ல பள்ளி கிடைக்கும் வரை இரண்டு மூன்று மாதத்துக்கு மூச்சு வாங்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம். அந்த அளவில் நான் இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். அடித்துப் பிடித்துத் தப்பான பள்ளியில் சேர்ப்பதைவிட இது மேல்.

நாமே நடத்தினால் என்ன?

எல்லாப் பள்ளி மூடலிலும் இந்த யோசனை வரும், அதுவும் மூன்றாவது நாள் இரவு. கேட்க நன்றாக இருக்கும். பிள்ளைகள் கலைய மாட்டார்கள், அதே ஆசிரியர்கள், மூன்றுமே திரும்பக் கிடைத்துவிடும் போலிருக்கும்.

பள்ளி ஏன் மூடியது என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 43 பிள்ளைகளில் 5 பேர் வேறு ஊருக்குப் போனால் வருமானத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் போய்விடும். செலவில் எதைக் குறைப்பது? வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், முக்கால் ஆசிரியரை வைத்துக்கொள்ள முடியாது. வாடகை அதேதான். நூற்றில் இரண்டு பேரில் இருந்து, அதிலும் கட்டணம் கட்ட முடிந்தவர்கள், அதிலும் பக்கத்தில் இருப்பவர்கள் என்று சலித்துக்கொண்டே போனால், போன ஐந்து பேருக்குப் பதில் ஐந்து பேர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம்? இப்படிப்பட்ட பள்ளிகள் மோசமாக நடந்ததால்தான் மூடுகின்றன என்று இல்லை, நன்றாக நடக்கும்போதே மூடும். நாம் எடுத்து நடத்தினாலும் இதே கணக்குதான், போதாக்குறைக்கு நமக்குப் பள்ளி நடத்தித் தெரியாது. அங்கீகாரம், காப்பீடு, தீயணைப்புச் சான்றிதழ், ஆசிரியர் சம்பளம், பெற்றோருக்குள் வரும் சண்டை. எங்கள் குழுவில் முயன்றவர்கள் நான்கு மாதம் கூட்டம் போட்டுவிட்டு, பாடம் எப்படி நடத்துவது என்பதிலேயே இரண்டாக உடைந்தார்கள். அந்த நான்கு மாதமும் பிள்ளைகள் எங்கேயும் சேராமல் காத்திருந்தார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆனால் இதே யோசனையைச் சின்னதாக்கினால் பிரமாதமாக நடக்கிறது. வாரத்துக்கு ஒரு மதியம், நான்கைந்து பிள்ளைகள், ஒரு வீடு, பழைய ஆசிரியர் ஒருவருக்கு மணிக்கணக்கில் சம்பளம். அங்கீகாரமும் வேண்டாம், குத்தகையும் வேண்டாம்.

நாங்கள் செய்தது

ஐந்து வாரம் வீட்டில் வைத்திருந்துவிட்டு, பக்கத்துப் பள்ளியில் அவள் வயது வகுப்பிலேயே சேர்த்தோம். அண்ணன் இருப்பதும் அதே பள்ளி என்பதால் முழு வகுப்பு தாண்டுவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கணக்குக்கு மட்டும் இரண்டு வகுப்பு மேலே, அதாவது அண்ணன் வகுப்பையும் தாண்டி. இதற்கு அந்தப் பள்ளியைச் சம்மதிக்க வைக்க ஏழு வாரம் ஆனது. அந்த வகுப்பின் ஆண்டிறுதித் தேர்வுத் தாளையே கொடுங்கள், உட்கார்ந்து எழுதட்டும், அப்புறம் பேசுவோம் என்று சொன்னதுதான் வேலை செய்தது. நுண்ணறிவுத் தேர்வு அறிக்கையை அவர்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆசிரியர் விஷயத்தில் பாதிதான் கிடைத்திருக்கிறது. கணக்கு டீச்சர் தங்கமானவர், வகுப்பாசிரியர் இன்னும் இவளைப் பார்த்து "கையைக் கீழே இறக்கு, மற்றவர்களும் சொல்லட்டும்" என்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது. அறிவியல் பீரியடில் தூங்கி விழுகிறாள். அடுத்த வருடம் அதற்கு என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கூட்டுக்குத்தான் நாங்கள் அதிகம் மெனக்கெட்டோம். அந்த நான்கு பேரும் இப்போது நான்கு வெவ்வேறு இடத்தில் படிக்கிறார்கள், டிஸ்கிராஃபியா பையனும் அதில் ஒருவன். சனிக்கிழமை மதியம் ஒரு வீடு, சுழற்சி முறையில். யார் வீட்டில் கூடுகிறார்களோ அந்த வாரம் முழுக்கச் சார்ட் அந்த வீட்டுச் சுவரில். முதல் சனிக்கிழமை ஒரு சுற்று சேர்த்தார்கள், 442 முதல் 529 வரை, 88 எண்கள், அதில் 14 பகா எண்கள். எழுதுவது மற்ற மூவர், எது பகா எண் என்று வாயால் சொல்வது அவன். 511 பகா எண்தான் என்று என் மகள் வண்ணம் தீட்டிவிட்டாள், 7 முறை 73 என்று அவன் சோபாவில் படுத்துக்கொண்டே சொன்னான், அரை மணி நேரம் சண்டை. அந்தக் கட்டத்தில் இன்னும் வெள்ளைத் தாள் துண்டு ஒட்டியிருக்கிறது. இந்த வாரம் எங்கள் வீட்டு முறை, சுருள் 961க்கு வந்திருக்கிறது, ஹாலில் சுவர் போதாமல் கதவு மேலேயும் தாள் ஏறிவிட்டது, கதவை மூட முடியவில்லை.